கண்ணாடியை அழுத்தினால் உள்ளே அணுக்கள் நெருங்குமா?

அம்மாப்பேட்டையில் அப்பாவோடு சேர்ந்து கண்ணாடிக் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கண்ணாடியை அழுத்தினால் உடைகிறதே தவிர நசுங்குவதில்லை. உடைய விடாமல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தினால் உள்ளே இருக்கும் அணுக்கள் நெருங்குமா? நெருங்கினால் அது கண்ணாடியாகவே இருக்குமா, படிகமாகிவிடுமா? அழுத்தத்தை எடுத்தபின் பழையபடி ஆகுமா? கட்டர் போட்ட கோட்டை உடனே உடைக்காமல் விட்டால் கோடு மூடிக்கொள்ளும் என்று அப்பா சொல்வார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அழுத்தம் கண்ணாடிக்குள் எதை மாற்றுகிறது, மாற்றியதில் எது நிலைக்கிறது, எது திரும்பிவிடுகிறது? ஆய்வுப் பட்டத்துக்காக ஐந்து வருடம் கண்ணாடித் துணுக்குகளை இரண்டு வைரங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கியவள் நான். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சுருக்கமான பதில் இது: அணுக்கள் நெருங்கும், ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் அல்ல. கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். அழுத்தத்தை எடுத்தால் ஒரு பகுதி திரும்பும், ஒரு பகுதி திரும்பாது. எந்தப் பகுதி திரும்பும் என்பதில்தான் சுவையே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் சாதாரணக் கண்ணாடி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, சோடா, சுண்ணாம்பு எதுவும் கலக்காத சுத்த சிலிக்காக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடையில் இருப்பது அதன் பங்காளி, அதற்குப் பிறகு வருகிறேன். சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். நான்கையும் கோடு போட்டு இணைத்தால் முக்கோணப் பக்கங்கள் கொண்ட ஒரு கூம்பு கிடைக்கும், அதை நான்முகி என்பார்கள். நான்முகியின் ஒவ்வொரு மூலையும் அடுத்த நான்முகிக்கும் மூலை. இந்தக் கட்டுமானம் வெங்கச்சங்கல்லிலும் அப்படியேதான், அதாவது குவார்ட்ஸிலும். வித்தியாசம் என்னவென்றால், குவார்ட்ஸில் நான்முகிகள் அணிவகுத்து நிற்கின்றன, கண்ணாடியில் ஒன்றோடொன்று சேர்கிற கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. 1932இல் சக்காரியாசன் என்ற அறிஞர் இந்தப் படத்தை வரைந்து காட்டினார். பிறகு வந்த எக்ஸ் கதிர், நியூட்ரான் அளவீடுகள் அவர் சொன்னதன் அடிப்படையை உறுதி செய்தன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்குக் கொலுசு கைகொடுக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் புதிதாகச் செய்த கொலுசு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மெதுவாக இறக்குங்கள். நீட்டிப் பிடித்தபோது ஒரு சாண் இருந்தது, கையில் விழுந்ததும் சிறு குவியலாகச் சுருங்கிவிடுகிறது. எந்தக் கண்ணியும் நசுங்கவில்லை. கண்ணிகள் சேரும் இடங்கள்தான் மடங்கின. சிலிக்காக் கண்ணாடியிலும் நான்முகிதான் கெட்டியான கண்ணி. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1.6 ஆங்ஸ்ட்ராம், ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அந்தப் பிணைப்பு மிகவும் உறுதியானது. ஆனால் இரண்டு நான்முகிகள் சேரும் மூலை, அதாவது சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான் மூன்றும் சேர்ந்து செய்யும் கோணம், கீல் போல எளிதில் மடங்கும். சராசரியாக 145 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும் அது, இடத்துக்கு இடம் கூடும், குறையும். கொலுசு ஒரே திசையில் ஓடும் சங்கிலி, கண்ணாடி எல்லாத் திசையிலும் பின்னிய வலை. அந்த அளவுக்கு மட்டும் இந்த உவமை பொருந்தாது.

அந்த வலைக்குள் நிறைய வெற்றிடம் இருக்கிறது. நான்முகிகள் மூலைக்கு மூலை இணைந்து வளையங்களாகின்றன. ஆறு நான்முகிகள் கொண்ட வளையங்கள் மிகுதி, ஐந்தும் ஏழும் உண்டு, மூன்றும் நான்கும் கொஞ்சம். வளையங்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. சிலிக்காக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.20 கிராம், அதே அணுக்களாலான குவார்ட்ஸுக்கு 2.65. அழுத்தம் முதலில் தின்பது இந்த வெற்றிடத்தைத்தான், அணுக்களை அல்ல.

இனி, எவ்வளவு அழுத்தம் என்ற கேள்வி. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது அடியில் இருக்கும் நீரின் அழுத்தம், நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் மூன்றரை மடங்கு. உலகிலேயே ஆழமான கடற்பள்ளத்தில் ஆயிரத்து நூறு மடங்குக்கு அருகில். நான் இங்கே பேசுகிற அளவுகோல் கிகாபாஸ்கல். ஒரு கிகாபாஸ்கல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு காற்றழுத்தம். ஏற்காடு போகும் கொண்டை ஊசி வளைவுகளில் சாலையோரம் வெட்டிய இடங்களில் கறுத்துத் தெரிகிறதே, அந்தச் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானது. அங்கே இருந்த அழுத்தம்கூட ஒரு கிகாபாஸ்கலைத் தொடவில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கட்டரைக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ எடையின் பாரம், நீளம் 0.04 மில்லிமீட்டர், அகலம் 0.04 மில்லிமீட்டர் உள்ள ஒரு புள்ளியில் இறங்குகிறது என்று வையுங்கள். அழுத்தம் ஆறு கிகாபாஸ்கல் வருகிறது. பூமிக்குள் கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பாறை தன் வாழ்நாளில் கண்டதைவிட ஏழெட்டு மடங்கு. ஒவ்வொரு முறை கோடு இழுக்கும்போதும் உங்கள் அப்பா கண்ணாடியை அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறார். வகுப்பில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதும் நாளெல்லாம் எனக்கே ஒரு சிலிர்ப்பு வரும்.

சரி, சிலிக்காவை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்திக்கொண்டே போனால் என்ன ஆகிறது? முதல் கட்டம், அறை வெப்பநிலையில் சுமார் ஒன்பது கிகாபாஸ்கல் வரை. கீல்கள் மடங்குகின்றன, கோணம் குறைகிறது, வளையங்கள் நெளிந்து ஒடுங்குகின்றன. சிலிக்கான், ஆக்சிஜன் தூரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. எந்தப் பொருளையும் அழுத்த அழுத்த அது மேலும் அழுத்த முடியாதபடி இறுகும், நாம் எல்லோரும் எதிர்பார்ப்பதும் அதுதான். சிலிக்காக் கண்ணாடியோ தொடக்கத்தில், இரண்டு மூன்று கிகாபாஸ்கல் வரை, அழுத்த அழுத்த இளகுகிறது. இன்னும் எளிதாக அமுங்குகிறது. அதன் வழியே போகும் ஒலியின் வேகம்கூடக் குறைகிறது. அதன்பிறகுதான் இறுகத் தொடங்கும். இந்தக் கட்டம் முழுவதும் அழுத்தத்தை எடுத்துவிட்டால் கண்ணாடி பழைய அளவுக்கே திரும்பும். மடங்கிய கீல் விரிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்பீர்கள். 1958இல் அமெரிக்காவில் உருவான ஒரு சிறு கருவி இருக்கிறது, ஆய்வகத்தில் டயமண்ட் ஆன்வில் செல் என்போம். வெள்ளிப் பட்டறையில் பட்டடை மேல் வைத்து அடிப்பது போல, இங்கே கீழே ஒரு வைரம் பட்டடை, மேலே ஒரு வைரம் சுத்தியல். இரண்டின் முனைகளையும் சமமாகத் தேய்த்து, நடுவில் மெல்லிய உலோகத் தகடு வைத்து, தகட்டில் முடியின் பருமனுக்கு ஒரு துளை போடுவோம். துளைக்குள் கண்ணாடித் துணுக்கு, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மாணிக்கப் பொடி, மீதி இடத்தில் மெத்தனாலும் எத்தனாலும் நான்குக்கு ஒன்று என்று கலந்த திரவம். திரவம் இருப்பதால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், நீங்கள் கேட்ட "உடைய விடாமல்" என்ற நிபந்தனை அப்படித்தான் நிறைவேறுகிறது. பத்து கிகாபாஸ்கல் வரை அந்தத் திரவம் தாங்கும். மாணிக்கத்தின் மேல் லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும், அழுத்தம் கூடக்கூட அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட அலைப்பக்கம் நகரும். அதை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். வைரம் ஒளியை விடும் என்பதால் உள்ளே இருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். திருகைக் கால் சுற்று முடுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். இரண்டாம் வருடம் ஒரு நாள் மாலை "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது, வைரத்தின் குறுக்கே விரிசல். மூன்று மாத வேலை போயிற்று. அன்றைக்கு விடுதிக்கு நடந்து போன வழி இன்னும் நினைவிருக்கிறது.

கண்ணாடிக்குள் வளையங்கள் என்ன ஆயின என்பதை ராமன் நிறமாலை சொல்லும். 1928இல் சி. வி. ராமன் கண்ட அதே விளைவுதான். ஒளியைக் கண்ணாடி மேல் விட்டு, சிதறி வருவதில் எவ்வளவு அதிர்வெண் மாறியது என்று பார்த்தால், உள்ளே அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று தெரியும். சிலிக்காக் கண்ணாடியில் 440 அலையெண்ணுக்குப் பக்கத்தில் அகன்ற மேடு ஒன்று இருக்கும். அதன் வலப்பக்கத்தில் இரண்டு கூர்மையான சிறு முனைகள், 490இல் ஒன்று, 606இல் ஒன்று. முதலாவது நான்கு நான்முகிகள் கொண்ட வளையங்களின் மூச்சு, அதாவது அவை விரிந்து சுருங்கும் அதிர்வு, இரண்டாவது மூன்று நான்முகிகள் கொண்ட வளையங்களின் மூச்சு. அழுத்தம் கூடும்போது அகன்ற மேடு வலப்பக்கம் நகர்ந்து ஒல்லியாகும். பத்து கிகாபாஸ்கலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்த துணுக்கில் 606 முனை முன்பைவிட உயர்ந்து நிற்கும், அழுத்தம் முழுவதும் எடுத்த பிறகும் நிற்கும்.

இங்கேதான் இரண்டாம் கட்டம். ஒன்பது, பத்து கிகாபாஸ்கலுக்கு மேல் கீல்கள் மடங்குவதோடு நிற்பதில்லை. சில பிணைப்புகள் விட்டு, பக்கத்து ஆக்சிஜனோடு புதிதாகச் சேர்கின்றன. பெரிய வளையங்கள் குறைந்து சிறிய வளையங்கள் கூடுகின்றன. கொலுசைக் குவித்தது போய், கண்ணிகளைக் கழற்றி வேறு விதமாக மாட்டியது போல. அழுத்தத்தை எடுத்தாலும் புதிதாக மாட்டியது கழலாது. 1953இல் பிரிட்ஜ்மனும் சைமன் என்பவரும் இதை முதலில் பதிவு செய்தார்கள். உயர் அழுத்த ஆய்வுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மன்தான் இவர். அழுத்திவிட்டு எடுத்த கண்ணாடித் தகடு முன்பைவிடத் தடிமன் குறைந்து, அடர்த்தி கூடி நிரந்தரமாக நின்றுவிட்டதைக் கண்டார்கள். இந்த நிரந்தரச் சுருக்கம் இருபது, இருபத்தைந்து கிகாபாஸ்கலில் உச்சத்துக்கு வந்துவிடும். அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடி 2.66க்கு வந்து நிற்கும். குவார்ட்ஸின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான், கவனித்தீர்களா? ஆனால் எக்ஸ் கதிரில் பார்த்தால் அணிவகுப்பு எதுவும் கிடையாது, இன்னும் கண்ணாடிதான். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் அதே நான்கு ஆக்சிஜன்.

மூன்றாம் கட்டம் பதினைந்து, இருபது கிகாபாஸ்கல் வாக்கில் தொடங்குகிறது, இரண்டாம் கட்டத்தின் மேலேயே ஏறி வரும். வெற்றிடம் தீர்ந்துவிட்டது, இனி மடங்க இடமில்லை. ஆகவே சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஐந்தாவது வந்து ஒட்டுகிறது, அப்புறம் ஆறாவது. நாற்பது, ஐம்பது கிகாபாஸ்கல் வரும்போது பெரும்பாலான சிலிக்கான் அணுக்களுக்கு ஆறு அண்டைவீட்டார். நான்முகி எண்முகியாகிவிட்டது. இந்த இடத்தில் நடக்கும் ஒரு விஷயத்தை மாணவர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள்: அழுத்தம் கூடும்போது சிலிக்கான், ஆக்சிஜன் தூரம் குறையாமல் கூடுகிறது. 1.6 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.7க்கு மேல் போகிறது. நான்கு பேர் உட்கார்ந்த வட்டத்தில் இன்னும் இருவர் வந்தால் எல்லோரும் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது இல்லையா, அதுபோல. ஒவ்வொரு பிணைப்பும் நீண்டாலும், மொத்தத்தில் அணுக்கள் நெருக்கமாக அடைபடுவதால் கன அளவு குறைகிறது. "அணுக்கள் நெருங்குமா" என்ற உங்கள் கேள்விக்கு நேராக ஆம் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். முதல் கட்டத்தில் பக்கத்து அணுக்கள் நெருங்குவதே இல்லை. மூன்றாம் கட்டத்தில் கொஞ்சம் விலகுகின்றன. நெருங்குவதெல்லாம் முன்பு தொலைவில் இருந்தவைதான்.

அழுத்தத்தை விட்டால்? ஐந்தாவதும் ஆறாவதும் போய்விடுகின்றன. வெளியே எடுத்த துணுக்கில் சிலிக்கானைச் சுற்றி மீண்டும் நான்கே நான்கு. ஆனால் கழற்றி மாட்டிய வளையங்கள் அப்படியே இருக்கின்றன, அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடியே இருக்கிறது. அண்டைவீட்டுக் கணக்கு திரும்பிவிடும், வளையக் கணக்கு திரும்பாது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான், பல ஆய்வகங்கள் பல முறைகளில் பார்த்து ஒத்துப்போன விஷயம். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சந்தேகம் இருக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நான்கிலிருந்து ஆறுக்குப் போவது படிப்படியாகவா, ஒரு குறுகிய எல்லைக்குள் சட்டென்றா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஒரு தரப்பு, தண்ணீர் பனிக்கட்டியாவது போல, அடர்த்தி குறைந்த கண்ணாடி அடர்த்தி மிகுந்த இன்னொரு வகைக் கண்ணாடியாக மாறுகிறது என்று பேசும். இன்னொரு தரப்பு, அப்படிக் கோடு கிழிக்க முடியாது, ஐந்து ஆக்சிஜன் கொண்ட இடைநிலைச் சிலிக்கான்கள் வழியாக வழுக்கிக்கொண்டு போகிறது என்று சொல்லும். நான் எடுத்த அளவீடுகள் பத்து, பதினைந்து கிகாபாஸ்கல் வரையில்தான். அந்த எல்லைக்கு மேல் பிறர் எடுத்த தரவுகளைப் படித்த அளவில், இரண்டாம் தரப்பே எனக்குப் பொருந்தி வருகிறது. ஐந்து அண்டைகள் கொண்ட அணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு பெரும்பாலும் கணினி உருவகத்திலிருந்து வருகிறது, எக்ஸ் கதிர் தருவது சராசரி மட்டுமே. சராசரி ஐந்து என்றால் எல்லாமே ஐந்தா, பாதி நான்கும் பாதி ஆறுமா என்று அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நூறு கிகாபாஸ்கலுக்கு மேலும் போயிருக்கிறார்கள். பூமியின் திட மேலுறையும் உருகிய இரும்புக் கருவும் சந்திக்கும் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் 136 கிகாபாஸ்கல், அதையும் தாண்டினால் ஆறுக்கு மேலும் அண்டைகள் சேர்கின்றன என்று அளவீடுகள் காட்டுகின்றன. ஆழத்தில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு மேலே வருமா, அடியிலேயே தங்குமா என்பது அதன் அடர்த்தியைப் பொறுத்தது என்பதால் புவியியலாளர்களுக்கு இதில் ரொம்பவே அக்கறை.

படிகமாகுமா என்று கேட்டீர்கள். அறை வெப்பநிலையில் ஆகாது. படிகம் உருவாக அணுக்கள் இடம்விட்டு இடம் போய் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். சூடும் அழுத்தமும் சேர்ந்தால் நிச்சயம் ஆகும். அதே 1953ஆம் ஆண்டு லோரிங் கோஸ் என்பவர் சுமார் 3.5 கிகாபாஸ்கலில் சூடாக்கி, குவார்ட்ஸைவிட அடர்ந்த ஒரு படிகத்தைச் செய்தார், கோஸைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1961இல் ரஷ்யாவில் ஸ்டிஷோவும் போபோவாவும் இன்னும் அடர்ந்த ஸ்டிஷோவைட்டைச் செய்தார்கள். அதில் ஒவ்வொரு சிலிக்கானுக்கும் ஆறு ஆக்சிஜன், அடர்த்தி 4.29. வெங்கச்சங்கல்லும் அதுவும் ஒரே பொருள் என்றால் கையில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் நம்பத் தோன்றாது. நம் மலைச் சார்னோகைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கோஸைட்டாக மாறாமல் இருப்பதற்குக் காரணம், முன்பு சொன்னபடி அது போதுமான ஆழத்துக்குப் போகவில்லை.

ஆனால் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவையான பதில் வரும். கண்ணாடியை அழுத்தினால் படிகமாவதில்லை, படிகத்தைச் சூடில்லாமல் அழுத்தினால் கண்ணாடியாகிறது! குவார்ட்ஸை அறை வெப்பநிலையில் 25 முதல் 35 கிகாபாஸ்கல் வரை அழுத்தியபோது அதன் அணிவகுப்பு குலைந்து ஒழுங்கற்ற பொருளாவதை 1988இல் காட்டினார்கள். அடர்ந்த படிகமாக மாற வேண்டிய அழுத்தம் வந்துவிட்டது, மாறுவதற்கான சூடு இல்லை, ஆகவே நடுவழியில் குலைந்து நின்றுவிடுகிறது. இயற்கையிலும் இது நடக்கிறது. 1865இல் பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் உருகாமலேயே கண்ணாடியான ஒரு பொருளைக் கண்டு மாஸ்கலினைட் என்று பெயர் வைத்தார்கள். மோதலின் அதிர்ச்சி அழுத்தம் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகத்தைக் குலைத்ததில் வந்தது அது. மகாராஷ்டிரத்தில் விண்கல் மோதி உண்டான லோனார் ஏரியின் பாறைகளிலும் அது கிடைக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள், 1.8 கிலோமீட்டர் அகலத்துக்குக் கிண்ணம் போல் இருக்கும்.

இனி உங்கள் கடைக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியில் எடைக்கணக்கில் சிலிக்கா நூற்றுக்கு எழுபது, எழுபத்திரண்டு பங்கு, மீதி பெரும்பாலும் சோடியமும் கால்சியமும் ஆக்சைடுகளாக. இந்தச் சோடியமும் கால்சியமும் வலையை அங்கங்கே அறுத்துவிட்டு, நான் சொன்ன வெற்றிடங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வெற்றிடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அழுத்தத்துக்குத் தின்ன மிச்சம் குறைவு. சிலிக்காவில் நிரந்தரச் சுருக்கம் இருபது சதவீதத்தைத் தொடும் என்றேன், ஜன்னல் கண்ணாடியில் அது ஆறு சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதற்குப் பதிலாக இது பக்கவாட்டில் சறுக்கி வழிந்துகொடுக்கும், மாவில் விரலை அழுத்தினால் ஓரத்தில் பிதுங்குவது போல. வெற்றிடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதற்கு ஒரு அழகான சாட்சி உண்டு. திரவத்துக்குப் பதில் ஹீலியம் வாயுவைச் சுற்றிலும் நிரப்பிச் சிலிக்காவை அழுத்தினால், ஹீலியம் அணுக்கள் வளையங்களுக்குள் புகுந்து உள்ளிருந்து முட்டுக்கொடுக்கின்றன, கண்ணாடி அதே அழுத்தத்தில் வெகுவாகக் குறைவாகவே சுருங்குகிறது.

கடைசியாகக் கட்டர் கோடு. மண்ணெண்ணெயில் தோய்த்த சக்கரம் சீராகச் "சர்ர்" என்று ஓடும்போது மேற்பரப்பில் ஒரு மெல்லிய பட்டை சில கிகாபாஸ்கல் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. இங்கே அழுத்தம் எல்லாப் பக்கமும் சமம் அல்ல, பக்கவாட்டில் சறுக்க வைக்கும் விசையும் சேர்ந்திருக்கிறது. அந்த விசை சேர்ந்தால் குறைந்த அழுத்தத்திலேயே நிரந்தர மாற்றம் வந்துவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே கோட்டுக்கு அடியில் கொஞ்சம் கண்ணாடி நிரந்தரமாகச் சுருங்குகிறது, கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. சக்கரம் நகர்ந்து போன பிறகும் தள்ளப்பட்ட அந்தப் பகுதி ஆப்பு மாதிரி இருபுறமும் நெட்டிக்கொண்டே இருக்கும். அந்த நெட்டல்தான் செங்குத்தாக ஒரு விரிசலைக் கீழே இறக்குகிறது, நீங்கள் தட்டி உடைப்பது அந்த விரிசலைத்தான்.

உடனே உடைக்க வேண்டும் என்று அப்பா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அணுக்கள் பழைய இடத்துக்குத் திரும்பி கோடு மூடிக்கொள்வதில்லை. சுருங்கிய வளையங்கள் அறை வெப்பநிலையில் திரும்பாது, ஜன்னல் கண்ணாடியை ஐந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் வைத்தால்தான் அவை விரியும். நடப்பது என் கணிப்பில் வேறு. அந்த ஆப்பின் நெட்டலில் விரிசல்கள் பக்கவாட்டிலும் மெல்ல வளர்கின்றன. காற்றில் உள்ள ஈரம் விரிசல் முனையில் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பை அறுத்து அதற்குத் துணைபோகிறது. நேரம் போகப் போகக் கோட்டின் ஓரத்தில் மினுமினுப்பாகச் சிறு செதில்கள் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். செதில் தெறித்தால் ஆப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், செங்குத்து விரிசலைத் திறந்து வைக்க ஆள் இல்லை, தட்டினால் கோணலாக ஓடும். ஈரம் விரிசலை வளர்க்கிறது என்பது ஐயமற நிறுவப்பட்டது. உங்கள் கடையில் கோடு பழசாவதற்கு அதுவே முழுக் காரணம் என்பது மட்டும் என் ஊகம். சோதிக்க விரும்பினால் ஒரே தகட்டில் பத்துக் கோடு போட்டு, ஐந்தை உடனேயும் ஐந்தை மறுநாளும் உடைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை.

டஃபன்டு கிளாஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குழம்பாமல் இருக்கச் சொல்கிறேன். அதன் மேற்பரப்பில் இருக்கும் அமுக்கம் ஒரு கிகாபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வளையங்களை மாற்ற அது போதாது, ஆகவே இந்தக் கதைக்குள் அது வராது.

ஆறு மில்லிமீட்டர்க் கண்ணாடியில் ஒரு நல்ல வெட்டு போட்டு உடைத்து, உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கட்டர் ஓடிய பக்கத்தில் ஒரு குறுகிய பட்டை தனியாகத் தெரியும், சக்கரம் இறக்கிய விரிசல் அதுவரை போயிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது நீங்கள் கையால் உடைத்தது, கண்ணாடி போலவே வழவழப்பாக இருக்கும். பட்டையின் மேல் உதட்டில், லென்ஸுக்கும் சரியாக அகப்படாத மெல்லிய ஓரத்தில், சக்கரம் கழற்றி மாட்டிய வளையங்கள் இருக்கின்றன.